பெண்பெயர் சூடிய விருது

2016 மார்ச் மாதம் மொன்றியல் நகரில் நடந்த திரைப்பட விருது விழாவுக்குச் சொந்தப் பெயர் இல்லை. 'கியூபெக் சினிமா விழா' என்ற பொதுப்பெயரே அதற்குப் போதும் என்று விட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்புவரை அது ஜுத்ரா விருது. 1999இல் தொடங்கிப் பதினேழு விழாக்கள் அந்தப் பெயரில் நடந்திருந்தன. பெயர் கழற்றப்பட்ட அந்த முதல் விழாவில் ஆறு விருதுகளை வென்றது, கன்னியாஸ்திரிகள் நடத்தும் இசைப் பள்ளியைப் பற்றி லேயா பூல் இயக்கிய படம். சிறந்த படம், சிறந்த இயக்கம் இரண்டும் அதில் அடக்கம். அதற்கு முன் அந்த மேடையில் சிறந்த படமாகத் தேர்வான ஒன்றைக்கூடப் பெண் இயக்கியிருக்கவில்லை.

இரண்டும் ஒரே இரவில் நடந்தது தற்செயல். பெயரை எடுத்ததால் லேயா பூலுக்கு விருது வரவில்லை. ஆனால் தற்செயல்களையும் வாசிக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு தந்தையின் பெயர் விழுந்தபோது என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதைப் பார்க்க இந்த விருதைவிடத் தெளிவான இடம் எளிதில் கிடைக்காது.

கனடா முழுமைக்கும் தனியாகத் திரைப்பட விருதுகள் இருக்கும்போது ஒரு மாகாணத்துக்கு ஏன் இன்னொன்று? கியூபெக்கின் பதில் மொழி. ஆங்கிலம் சூழ்ந்த ஒரு கண்டத்தில் பிரெஞ்சு பேசும் சமூகம் அது. தன் சினிமாவைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் மதிப்பிட மாட்டார்கள் என்ற அச்சம் அதற்கு உண்டு. மொன்றியலில் குடியேறிய ஈழத் தமிழர்களுக்கு இது அந்நியமான செய்தி இல்லை. 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தால் அவர்கள் பிள்ளைகளும் பிரெஞ்சு வழியில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். மொழிக்காக நிற்கும் சமூகங்கள் தமக்கென்று தந்தையர்களைத் தேடிக்கொள்ளும் என்பதும் நமக்குப் புதிது இல்லை. எழுத்துக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர், நாடகத்துக்கு ஒருவர். கியூபெக் சினிமாவுக்குக் குளோத் ஜுத்ரா.

ஜுத்ராவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் வலுவானவை. அவருடைய 'என் மாமா அந்த்வான்' (1971) கனடாவின் மிகச் சிறந்த படம் என்று 1984, 1993, 2004 ஆகிய மூன்று கருத்துக்கணிப்புகளில் முதலிடம் பெற்றது. கல்நார்ச் சுரங்க ஊர் ஒன்றில் கிறிஸ்துமஸ் காலம். மளிகையும் துணியும் சவப்பெட்டியும் ஒரே கடையில். பெரியவர்களின் பொய்களை ஒரு சிறுவன் ஒவ்வொன்றாகக் கண்டுகொள்கிறான். 'ஆர்டர் ஆஃப் கனடா' என்ற தேசிய விருதை ஜுத்ரா மறுத்தவர். விருதை மறுத்தவர் பெயரிலேயே ஒரு விருது வைத்தது வேறு கதை. அவருடைய முடிவும் துயரமானது. ஐம்பதுகளிலேயே மறதி நோய் பீடிக்க, 1986 நவம்பரில் காணாமல்போனார். அடுத்த ஏப்ரலில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் உடல் கிடைத்தது. இப்படி இறந்தவரைப் பற்றிக் கேள்வி கேட்பது பண்பாடில்லை என்று ஒரு சமூகம் நினைப்பது இயல்பு. புனிதர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

அவருடைய முதல் முழுநீளப் படமான 'அ தூ ப்ராந்த்ரு' (1963) பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குளோத் என்ற இளம் படைப்பாளியாக ஜுத்ராவே நடித்தார். அவன் காதலிக்கும் ஜொஹானாக, நிஜ வாழ்வில் அவருடன் உறவிலிருந்த கறுப்பின மாடல் ஜொஹான் ஹாரெல் தன்னையே நடித்தார். கியூபெக்கின் நவீன சினிமா இங்கே தொடங்குகிறது என்பார்கள். கையில் ஏந்திய கேமராவும் வெட்டித் தாவும் படத்தொகுப்பும் தன் அந்தரங்கத்தைத் தானே திறந்து காட்டும் துணிவும் அதற்குக் காரணங்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் படத்தில் உண்மையான துணிவு யாருடையது? ஒரு காட்சியில் ஜொஹான், தான் ஹெய்ட்டியிலிருந்து வந்தவள் என்று இதுவரை சொன்னது பொய், மொன்றியலில் பிறந்து அநாதை விடுதியில் வளர்ந்தவள் என்று ஒப்புக்கொள்கிறாள். வெள்ளையர் நகரில் ஒரு கறுப்புப் பெண் தனக்கென்று ஒரு தொலைதூரத் தேசத்தைக் கற்பித்துக்கொள்ள நேர்ந்த கதை அது. ஆண்களையும் விரும்பும் அவனுடைய ரகசியத்தை முதலில் கண்டு கேட்பவளும் அவள்தான். அவள் கர்ப்பமாகிறாள், அவன் விலகிப் போகிறான். படம் அவனுடைய குழப்பத்தோடு போகிறது, அவளோடு போகவில்லை. தன்வரலாறு என்ற பாராட்டு முழுவதும் அவருக்குச் சேர்ந்தது. அந்த வரலாற்றில் பாதி இன்னொருத்தியுடையது என்பதை விமர்சகர்கள் அடிக்குறிப்பாக வைத்துக்கொண்டார்கள்.

2016 பிப்ரவரியில் ஈவ் லெவேர் எழுதிய ஜுத்ராவின் வாழ்க்கை வரலாறு வெளியானது. அந்தப் பெரிய நூலில் சில பக்கங்கள் மட்டும், அவர் சிறுவர்களைப் பாலியல் ரீதியாக நாடியவர் என்று சொல்லின. முதல் எதிர்வினை சந்தேகம். ஆதாரம் எங்கே, இறந்தவர் எப்படிப் பதில் சொல்வார் என்று கேட்டார்கள். பிறகு பெயர் வெளியிடாத ஒருவர், ஆறு வயதிலிருந்தே தனக்கு நடந்ததை 'லா பிரெஸ்' நாளிதழிடம் சொன்னார். அதையடுத்து ஒரு திரைக்கதையாளர் தன் பெயரோடு பேசினார். அதற்குப்பின் எல்லாம் சில நாட்களில் முடிந்தது. விருது அமைப்பு பெயரைக் கைவிட்டது. கனடிய அகாடமி முதல் படத்துக்குக் கொடுத்துவந்த பரிசிலிருந்தும் அந்தப் பெயர் போனது. தெருப் பலகைகளும் கழற்றப்பட்டன. அவர் உயிரோடு இல்லாததால் எதுவும் நீதிமன்றத்துக்குப் போகவில்லை, போகவும் முடியாது.

அப்போது ஒலித்த தற்காப்புக் குரல்களில் ஒன்று நமக்கு மனப்பாடம். கலையையும் கலைஞனையும் பிரித்துப் பார்க்க வேண்டுமாம். பிரித்துப் பார்க்கலாம், ஆட்சேபணை இல்லை. பிரித்துப் பார்க்காமல் விட்டது யார்? ஒரு விருதுக்கு ஒருவர் பெயரை வைக்கும்போது அவர் படத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை, அந்த ஆளையே முன்மாதிரியாக நிறுத்துகிறோம். அவர் படங்களை யாரும் எரிக்கவில்லை. இன்றும் பார்க்கலாம், பாடம் நடத்தலாம். ஒவ்வோர் ஆண்டும் மேடையேறும் ஒருவர் அந்தப் பெயரைத் தாங்கிய சிலையைக் கையில் பிடித்துச் சிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் மட்டுமே நீங்கியது. அந்த அரங்கில் சிறுவயதில் காயம்பட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கக்கூடும் என்று பதினேழு ஆண்டுகளாக யாரும் நினைக்கவில்லை, அல்லது நினைத்தவர்கள் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஜுத்ரா தன்பால் ஈர்ப்பைத் திரையில் பேசியவர் என்பதையும் குழந்தைகள் மீதான வன்முறைக் குற்றச்சாட்டையும் ஒரே கோட்டில் இணைத்துப் பேசும் வாய்கள் எங்கும் உண்டு. பெண்ணியம் அதற்கு இடம் தரக்கூடாது. இங்கே பிரச்சினை யாரை நேசித்தார் என்பதில் இல்லை. மறுக்க முடியாத நிலையில் இருந்தவர்கள்மீது அவருக்கிருந்த அதிகாரத்திலும், அதைச் சுற்றி எழுப்பப்பட்ட மௌனத்திலும் இருக்கிறது. பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் ஆண்பிள்ளைகள் என்பதால் இது பெண்களின் விவகாரம் இல்லை என்றும் ஆகிவிடாது. அந்த மௌனத்தின் கட்டுமானம் நமக்கு நன்றாகவே தெரியும்.

சரி, தந்தை போனார். வீடு யாருடையது?

பதினேழு ஆண்டுகளின் சிறந்த படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. 2010இல் சவியே தொலானின் 'நான் என் அம்மாவைக் கொன்றேன்'. 2011இல் தெனி வில்னவ்வின் 'இன்செந்தி'. இறந்துபோன தாயின் கடந்தகாலத்தைத் தேடிப் பிள்ளைகள் போகும் கதை. 2015இல் மறுபடியும் தொலான், படத்தின் பெயரே 'மம்மி'. அம்மாக்கள் நிறைய இருந்தார்கள். அவர்களைப் பார்த்த கண்கள் மகன்களுடையவை. இவை மோசமான படங்கள் இல்லை. 'மம்மி'யில் ஆன் தோர்வால் நடிப்பது எனக்கு இன்றும் பிரமிப்பு. ஆனால் 1999இலேயே லேயா பூல் 'எம்போர்த்-முவா' என்ற படத்தை எடுத்திருந்தார். 1963இன் மொன்றியலில் ஒரு பதின்மூன்று வயதுப் பெண். உழைத்துக் களைத்து உள்ளே உடைந்துகொண்டிருக்கும் அவள் அம்மா. மகள் அம்மாவைப் பார்க்கும் பார்வையில் கொலையும் இல்லை, புனிதமும் இல்லை. நானும் இப்படித்தான் ஆவேனா என்ற பயம் இருக்கிறது. அந்தப் பார்வைக்குச் சிறந்த பட விருது கிடைக்கவில்லை. இயக்கத்துக்கான விருதிலும் ஒரு பெண்ணின் பெயர் வர 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது: 'பார்டர்லைன்' எடுத்த லின் ஷார்ல்புவா.

இதற்கு நடுவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. எடுக்கப்பட்ட படங்களிலிருந்துதான் விருதுக்குத் தேர்வு செய்ய முடியும். கியூபெக்கில் எந்தப் படம் எடுக்கப்படும் என்பதைப் பெரும்பாலும் பொதுப்பணம் தீர்மானிக்கிறது. டெலிஃபிலிம் கனடாவும் மாகாணத்தின் சொடெக்கும் பணம் தராமல் அங்கே முழுநீளப் படம் எழுவது அரிது. அதாவது வரிப்பணம், பாதி பெண்கள் கட்டியது. 2007இல் பெண் இயக்குநர்கள் கூடி 'ரெயாலிசாத்ரீஸ் எகித்தாப்ல்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்தது கவர்ச்சியில்லாத வேலை. எண்ணிப் பார்த்தார்கள். திரைப்படப் பள்ளிகளில் எத்தனை பெண்கள், விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர், பணம் பெற்றவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு. பட்ஜெட் பெரிதாகப் பெரிதாகப் பெண்கள் மறைந்துபோவதைக் காட்டினார்கள். இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடந்தார்கள். 2016 மார்ச் 8 அன்று தேசியத் திரைப்பட வாரியம், தன் படங்களில் பாதியும் தயாரிப்புப் பணத்தில் பாதியும் பெண் இயக்குநர்களுக்கு என்று அறிவித்தது. அந்த ஆண்டின் இறுதியில் டெலிஃபிலிமும் 2020ஐ இலக்காக வைத்துச் சமநிலைக்கு உறுதி தந்தது.

ஒரு பெயரை எடுக்கச் சில நாட்கள் போதுமாயிருந்தன. ஒரு கணக்கைத் திருத்த ஒன்பது ஆண்டுகள் நடக்க வேண்டியிருந்தது. முதலாவது உலகச் செய்தியானது. இரண்டாவதை அந்தத் துறைக்கு வெளியே எத்தனை பேர் அறிவார்கள்?

விருது வென்ற அந்தப் படத்துக்கு வருவோம். 'லா பாஸியோன் தொகுஸ்தீன்' என்பது பெயர். பாஸியோன் என்றால் தீராத ஆர்வம்; தமிழ்க் கத்தோலிக்கர்கள் 'பாடுகள்' என்று சொல்வதற்கும் அதுவே சொல். இரண்டு பொருளும் படத்துக்குப் பொருந்தும். 1960களில், ரிஷ்லியூ ஆற்றங்கரையில், அன்னை அகுஸ்தீன் நடத்தும் கன்னிமடப் பள்ளி. ஏழைப் பெண்பிள்ளைகளும் அங்கே பியானோ போட்டிகளில் வெல்கிறார்கள். அப்போது கியூபெக் மாறிக்கொண்டிருந்தது. 'அமைதிப் புரட்சி' என்று அவர்கள் அழைக்கும் அந்தக் காலத்தில் அரசு, திருச்சபையின் பிடியிலிருந்து கல்வியைத் தன் கைக்கு எடுத்தது. 1964இல் கல்வி அமைச்சகம் உருவானது. முற்போக்கான மாற்றம்தான், சந்தேகமில்லை. மாகாணத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை 1940இல்தான் கிடைத்த ஊர் அது. அந்தத் தாமதத்தில் திருச்சபைக்குப் பெரும் பங்கு உண்டு.

படம் அந்த முற்போக்கை மடத்துக்குள்ளிருந்து காட்டுகிறது. அரசுப் பள்ளிகள் வந்தால் இந்தப் பள்ளிக்குப் பணம் இல்லை. பணம் இல்லை என்றால் மூட வேண்டும். மூடச் சொல்வதும் ஒரு பெண்தான், சபையின் தலைமைக் கன்னியாஸ்திரி. பெண்கள் தாமே நிர்வகித்து, தாமே கற்பித்து, தாமே இசைத்த ஓர் இடம் விடுதலையின் பெயரால் பூட்டப்படுகிறது. வத்திக்கான் சங்கத்தின் புதிய விதிப்படி அவர்கள் பழைய அங்கியையும் முக்காட்டையும் கழற்றும் காட்சி ஒன்று இருக்கிறது. வசனம் தேவைப்படாத காட்சி. சிலருடைய முகத்தில் காற்றுப் பட்ட நிம்மதி. சிலருக்கோ தோலையே உரித்ததுபோல. பல ஆண்டுகளாகத் தன் தலைமுடியை யாரும் பார்த்திராத பெண்ணுக்கு அது கழற்றுதலா, பறித்தலா? முக்காட்டைப் பற்றி இன்றைய கியூபெக் நடத்தும் சச்சரவுகளை நினைத்துக்கொண்டு பார்த்தால் காட்சி இன்னும் கனக்கிறது. படத்தில் இனிப்புக் கொஞ்சம் அதிகம். முரட்டு மாணவியும் கண்டிப்பான ஆசிரியையும் நெருங்குவது நாம் எதிர்பார்க்கும் தாளத்திலேயே நடக்கிறது. ஆனாலும் பழைய அதிகாரம் விழும்போது அதன் நிழலிலேயே பெண்கள் கட்டிக்கொண்டதும் சேர்ந்து விழக்கூடும் என்ற சிக்கலை நேராகப் பார்த்த படம் இது. மாரி வியேனும் லேயா பூலும் எழுதிய இந்தத் திரைக்கதை, பெயர் விழுந்த அந்த ஆண்டின் விழாவுக்கு எவ்வளவு பொருத்தம் என்று அரங்கில் யாராவது நினைத்தார்களா, தெரியாது.

அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் விருதுக்குப் புதுப்பெயர் வந்தது: ஐரிஸ். கண்ணின் கருவிழியைச் சுற்றிய வளையம். கேமராவில் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் திறப்பு. 1999 முதல் கியூபெக்கின் அதிகாரப்பூர்வ மலர். கிரேக்கத் தொன்மத்தில் வானவில் தேவதை. அழகான பெயர்தான். யாருக்கும் வலிக்காத பெயரும்கூட. கவனித்துப் பார்த்தால் பெண்பெயர். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் பெண் யாரும் இல்லை. பூ, கண், தேவதை. அதுவும் அந்தத் தேவதை தூது போகிறவள். சொல்லும் செய்தி அவளுடையது இல்லை, கடவுளர்களுடையது.

ஆணுக்குச் சிலை, பெண்ணுக்கு உருவகம் என்ற இந்த ஏற்பாடு பழையது. வாழ்ந்த ஆள் ஒருவரின் பெயரை வைப்பதே ஆபத்து, பூவின் பெயர் பாதுகாப்பு என்று அவர்கள் நினைத்திருக்கலாம். எந்த மனிதரையும் பீடத்தில் ஏற்ற வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. தந்தை இருந்த இடத்தில் ஒரு தாயை உட்கார வைப்பது பெண்ணியம் ஆகாது. ஆனாலும் யோசித்துப் பார்க்கும்போதாவது நினைவுக்கு வந்திருக்க வேண்டிய பெயர்கள் இருந்தன. 1972இல் 'லா வி ரெவே' எடுத்த மிரேய் தான்ஸரோ ஒருவர். திரைப்பட நிறுவனத்தில் வேலை செய்யும் இரண்டு தோழிகளின் கனவு ஆண், நேரில் அகப்பட்டதும் சிறுத்துப்போகும் கதை. கியூபெக்கின் தனியார் தயாரிப்பில் பெண் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் அது. ஜுத்ராவின் 'மாமா' வந்ததற்கு அடுத்த ஆண்டு.

இன்னொருவர் ஆன் கிளேர் புவாரியே. தேசியத் திரைப்பட வாரியத்தில் 1968லேயே கர்ப்பத்தையும் தாய்மையையும் பற்றி 'தாயிலிருந்து மகளுக்கு' என்ற படத்தை எடுத்தவர். 1970களின் தொடக்கத்தில் 'பெண்களாக' என்ற தலைப்பில் பெண்கள் இயக்கும் படவரிசைக்கு அங்கே வழியமைத்தவர். 1979இல் அவர் எடுத்த 'முரீர் அ தூ-தெத்' வல்லுறவைப் பற்றியது. இதைப் பார்க்கும் மாணவிகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை சொல்ல வேண்டும். சூஸான் என்ற செவிலியர் இரவுப்பணி முடிந்து திரும்பும்போது தாக்கப்படுகிறாள். கேமரா அவளுடைய இடத்தில் இருக்கிறது. நாம் அவள் உடலைப் பார்ப்பதில்லை. அவனுடைய முகத்தைப் பார்க்கிறோம், வேறு எங்கும் பார்க்க முடியாமல். உடனே படம் நிற்கிறது. படத்தொகுப்பு மேசையில் இரண்டு பெண்கள், படத்தின் இயக்குநரும் தொகுப்பாளரும், இந்தக் காட்சியை இவ்வளவு நீளம் வைக்கலாமா, பார்க்கும் ஆணுக்கு இது கிளர்ச்சியாகிவிடாதா என்று விவாதிக்கிறார்கள். வல்லுறவை எப்படிக் காட்டுவது என்ற கேள்வியைப் படத்துக்குள்ளேயே கேட்ட படம். நம் ஊர்ப் படங்கள் உட்பட எத்தனையோ படங்கள் இன்றும் அந்த மேசைக்கு வந்து உட்காரவில்லை. இறுதியில் இருட்டில் பெண்கள் ஊதும் விசில்கள், ஒன்றன்பின் ஒன்றாக.

கியூபெக் வேகமாக நடந்துகொண்டது என்று பாராட்ட வேண்டுமென்றால் பாரிஸைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2020 பிப்ரவரி 28 அன்று செசார் விருது விழா சிறந்த இயக்குநராக ரோமன் போலன்ஸ்கியை அறிவித்தது. பதின்மூன்று வயதுச் சிறுமியுடன் சட்டவிரோத உறவு கொண்டதாக ஒப்புக்கொண்டு, 1978இல் தண்டனை அறிவிக்கப்படும் முன்பே அமெரிக்காவை விட்டு ஓடியவர். சிறுவயதில் தனக்கு நேர்ந்ததைச் சில மாதங்களுக்கு முன்பு வெளிப்படையாகச் சொல்லியிருந்த நடிகை அதேல் ஹானெல் அரங்கிலிருந்து எழுந்து வெளியேறினார். இயக்குநர் செலின் சியாமாவும் உடன் போனார். அதே செசாரில் இயக்கத்துக்கான விருதைப் பெண் வென்றது அதுவரை ஒரே ஒருமுறை, 2000இல் தோனி மார்ஷல். அடுத்த பெண் ஜுஸ்தின் த்ரியே, 2024இல். பெயர் மாற்றுவது மலிவு என்று நான் சொன்னாலும் அந்த மலிவான வேலையைக்கூடச் செய்யாத இடங்கள் இருக்கின்றன.

2021இல் ஐரிஸ் விருதுகளில் ஏழை வென்றது 'லா தெயெஸ் தே மூஷ் அ ஃப'. பொருள் 'மின்மினிகளின் தேவதை'. இயக்கம் அனாயிஸ் பார்போ-லவலெத், திரைக்கதை கத்ரீன் லெஜே, மூலநாவல் ஜெனவியேவ் பெத்தர்சென். மூவரும் பெண்கள். பதினாறு வயது கத்ரீன், பெற்றோர் பிரியும் வீட்டில் போதைமருந்தையும் முதல் காதலையும் ஒருசேரக் கண்டடைகிறாள். அவளைத் திருத்துவதற்கோ தண்டிப்பதற்கோ படம் அவசரப்படவில்லை. அம்மாவோடு அவள் போடும் சண்டைகள் கொடூரமானவை, சிலசமயம் சிரிப்பும் வருகிறது. அம்மா கத்துகிறாள், மகளும் கத்துகிறாள். சண்டை முடிந்தபின் அவரவர் அறையில் அவரவர் என்ன செய்கிறார்கள் என்பதையும் கேமரா போய்ப் பார்க்கிறது.